ஒலிவியா டி ஹாவிலண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் படம் பார்க்கிற நண்பர்கள் இந்த நடிகையைப் பற்றி என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே விஷயம். 'கான் வித் தி விண்ட்' படத்தில் வரும் அந்தச் சாதுவான பெண்தானே? தங்கையோடு கடைசி வரை பேசாமல் இருந்தவர்தானே? இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் முக்கியமான கட்டம் எந்தப் படத்திலும் இல்லை. ஒரு படத்தில்கூட நடிக்க முடியாமல் கோர்ட்டுக்கு அலைந்த இரண்டு வருடங்களில்தான் இருக்கிறது. அதனால் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் நீளும். மற்றதெல்லாம் தேவையான அளவுக்கு.

யார் இவர், சுருக்கமாக?

1935 முதல் 1988 வரை திரையிலும் தொலைக்காட்சியிலும் நடித்த ஹாலிவுட் நடிகை. சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை இரண்டு முறை வாங்கியவர்: 'டு ஈச் ஹிஸ் ஓன்' (1946), 'தி ஏரஸ்' (1949). இவை தவிர மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டுக் கிடைக்காமல் போனது. பிறந்தது 1916 ஜூலை 1. பாரிஸில் தன் வீட்டில் தூக்கத்திலேயே காலமானது 2020 ஜூலை 26. வயது 104.

'கான் வித் தி விண்ட்' கதையின் நான்கு முக்கியப் பாத்திரங்களில் படத்துக்குள் செத்துப்போவது இவருடைய மெலனி மட்டும்தான். நிஜத்தில் நடந்தது நேர்மாறு. லெஸ்லி ஹோவர்ட் 1943-லும், கிளார்க் கேபிள் 1960-லும், விவியன் லீ 1967-லும் போய்விட்டார்கள். மெலனி அதற்கப்புறமும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தார்.

அமெரிக்க நடிகை என்கிறீர்கள், டோக்கியோவில் பிறந்தது எப்படி?

அப்பா வால்டர் ஆங்கிலேயர். டோக்கியோவில் இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பிறகு காப்புரிமை வக்கீலாகத் தொழில் செய்தவர். அம்மா லிலியன் நாடக நடிகை. ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில் வரும் ஒலிவியாவின் பெயரைத்தான் மூத்த மகளுக்கு வைத்தார்கள். அடுத்த வருடம் தங்கை ஜோன் பிறந்தாள். இரண்டு குழந்தைகளுக்கும் அடிக்கடி உடம்பு முடியாமல் போகவே, 1919-ல் அம்மா அவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பி கலிஃபோர்னியாவில் இறங்கினார். அப்பா ஜப்பானுக்கே திரும்பிவிட்டார். சான் ஹோசேக்கு அருகில், பழத்தோட்டங்கள் நிறைந்த சாரடோகா என்ற சின்ன ஊரில்தான் இருவரும் வளர்ந்தார்கள்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கியது 1941 நவம்பர் கடைசியில். சில நாட்களிலேயே ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது.

டி ஹாவிலண்ட் விமானக் கம்பெனிக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கம்பெனியை ஆரம்பித்த ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் இவருக்கு அப்பா வழி உறவு. நம் பக்கமும் ஒரு சின்ன இழை இருக்கிறது. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் பறக்கவிட்டதும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் இதே குடும்பப் பெயர் தாங்கிய 'பஸ் மாத்' விமானங்களில்தான்.

சினிமாவுக்கு எப்படி வந்தார்?

அம்மா மறுமணம் செய்துகொண்ட ஜார்ஜ் ஃபான்டெய்ன் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் மேலாளர். வீட்டில் ராணுவக் கட்டுப்பாடு. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாடகத்தில் எலிசபெத் வேடம் கிடைத்தது. நாடகத்தில் நடித்தால் இந்த வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது என்றார் வளர்ப்புத் தந்தை. நாடகத்தை விட்டால் மற்ற பிள்ளைகள் பாடு திண்டாட்டமாகிவிடும் என்று ஒலிவியா பெட்டியைக் கட்டிக்கொண்டு குடும்ப நண்பர் வீட்டுக்குப் போய்விட்டார். பின்னால் வரப்போகும் கேஸின் ஒத்திகை இது என்று எனக்குத் தோன்றும்.

ஆங்கில ஆசிரியையாக வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். மில்ஸ் கல்லூரியில் உதவித்தொகையோடு இடமும் கிடைத்திருந்தது. 1934-ல் ஆஸ்திரிய நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட், ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தைப் பிரமாண்டமாகப் போட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதே நாடகத்தை சாரடோகா ஊர்க்காரர்கள் போட்டபோது அதில் ஒலிவியாவைப் பார்த்த ரைன்ஹார்ட்டின் ஆள், ஹெர்மியா வேடத்துக்கு மாற்று ஆளாக அவரைச் சேர்த்துவிட்டார். முதல் ஆள் அல்ல, முதல் ஆளுக்கு மாற்றும் அல்ல, மாற்றுக்கு மாற்று. ஆனால் முன்னால் இருந்த இருவருக்கும் வேறு வேலை வந்து விலகிக்கொள்ள, 18 வயதுப் பெண் ஆயிரக்கணக்கான ஜனங்கள் முன்னால் மேடையேறினார்.

வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ அந்த நாடகத்தையே படமாக்க முடிவு செய்து இவரையும் அழைத்தது. கல்லூரியா சினிமாவா என்று தயங்கினார். கடைசியில் வாரம் 200 டாலருக்குக் கையெழுத்துப் போட்டார்.

எரோல் ஃப்ளின்னோடு எத்தனை படம்? இருவருக்கும் காதல் இருந்ததா?

ஜோடியாக எட்டு. 'கேப்டன் பிளட்' (1935) தொடங்கி 'தே டைட் வித் தேர் பூட்ஸ் ஆன்' (1941) வரை. எல்லோருக்கும் தெரிந்தது 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' (1938). டெக்னிகலரில் எடுத்த அந்தப் படத்தை இன்றைக்குப் போட்டாலும் குழந்தைகள் உட்கார்ந்து பார்க்கும்.

காதல்? இருந்தது, ஆனால் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று தன் தொண்ணூறுகளில் அவரே சொன்னார். ஃப்ளின்னுக்கு அப்போது கல்யாணமாகியிருந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, இந்தப் படங்களில் ஒலிவியாவுக்கு என்ன வேலை என்பது. வில்லனிடம் மாட்டிக்கொள்வார், கதாநாயகன் கயிற்றில் தொங்கிக்கொண்டு வந்து காப்பாற்றுவார், கடைசியில் ஒரு முத்தம். அழகான கவுன், நல்ல வெளிச்சம், வாயில் நாலு வரி. இப்படியே எத்தனை வருடம் ஓட்டுவது என்ற சலிப்பு அவருக்கு இருபது வயதிலேயே வந்துவிட்டது.

மெலனி வேடம் எப்படிக் கிடைத்தது?

'கான் வித் தி விண்ட்' வார்னர் படம் அல்ல, டேவிட் செல்ஸ்னிக் தயாரிப்பு. ஒலிவியாவைக் கடனாகக் கொடுக்க வார்னர் ஸ்டுடியோ முதலாளி ஜாக் வார்னர் மாட்டேன் என்றார். வெளியே போய்ப் பெரிய படத்தில் நடித்துவிட்டு வந்தால் தலைக்கனம் ஏறிவிடும் என்பது அவர் கவலை. ஒலிவியா வாதாடிக்கொண்டிருக்கவில்லை. வார்னரின் மனைவி ஆன் என்பவரை ஹோட்டலில் தேநீருக்கு அழைத்து நிலைமையைச் சொன்னார். முன்பு நடிகையாக இருந்த ஆனுக்கு விஷயம் புரிந்தது. அவர் வீட்டில் என்ன சொன்னாரோ, ஜாக் வார்னர் இறங்கிவந்தார்.

எல்லாப் பெண்களும் கதாநாயகி ஸ்கார்லெட் வேடத்துக்கு அடித்துக்கொண்டபோது மெலனிதான் வேண்டும் என்று கேட்டவர் இவர். நல்லவளாக நடிப்பது லேசு, நல்லவளைச் சலிப்பில்லாமல் நடிப்பது கஷ்டம். ஸ்கார்லெட் ஒரு படைவீரனைச் சுட்டுக் கொன்றுவிட்டு நிற்கும் காட்சியில், நோயில் படுத்திருந்த மெலனி கனமான வாளை இழுத்துக்கொண்டு மாடிப்படியில் வந்து நிற்பாள். பிணத்தைப் பார்த்த அடுத்த நொடி கீழே இருப்பவர்களுக்குச் சிரித்த முகத்தோடு கூசாமல் ஒரு பொய் சொல்லிவிட்டு, செத்தவன் பையைத் துழாவலாமா என்பாள். சாது மெலனியை அந்தக் காட்சியில் கவனித்துப் பாருங்கள்.

படப்பிடிப்பு நடுவில் முதல் இயக்குநர் ஜார்ஜ் கியூகரை நீக்கிவிட்டு விக்டர் ஃபிளெமிங்கைப் போட்டார்கள். அதற்கப்புறமும் விவியன் லீ, ஒலிவியா இருவருமே ஒருவருக்கொருவர் தெரியாமல் கியூகர் வீட்டுக்குப் போய் ரகசியமாகப் பாடம் கேட்டுவந்தார்கள். கிளார்க் கேபிளுக்கு ஒரு காட்சியில் அழ வேண்டியிருந்தது. ஆம்பிளை அழுவதா என்று அவர் படத்தையே விட்டுப் போகத் தயாராக இருந்தாராம். பக்கத்தில் உட்கார்ந்து பேசித் தேற்றி அழவைத்தவர் ஒலிவியா.

அதற்கு ஆஸ்கர் கிடைத்ததா?

இல்லை. துணை நடிகைப் பிரிவில் பரிந்துரை. அதே படத்தில் 'மாமி' (Mammy) என்ற கறுப்பினப் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்குத்தான் விருது. ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அன்றைக்கு ஒலிவியா சமையல்கட்டுப் பக்கம் போய் அழுதிருக்கிறார். மெக்டேனியலின் வெற்றி எவ்வளவு பெரியது என்று புரிய இரண்டு வாரம் ஆயிற்று என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

வார்னர் பிரதர்ஸ் மீது ஏன் கேஸ் போட்டார்?

முதலில் அந்தக் காலத்து அக்ரிமென்ட் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டுடியோ நடிகரை ஏழு வருடத்துக்கு எழுதி வாங்கும். ஆனால் அது ஒருபக்க முடிச்சு. ஒவ்வொரு தவணை முடிவிலும் இந்த ஆள் வேண்டுமா வேண்டாமா என்று ஸ்டுடியோ யோசிக்கலாம், வேண்டாம் என்றால் அனுப்பிவிடலாம். நடிகரால் மட்டும் நடுவில் போக முடியாது. என்ன படம், யாரோடு, எப்போது என்பதெல்லாம் ஸ்டுடியோ முடிவு. வேறு கம்பெனி கேட்டால் மாட்டை வாடகைக்கு விடுவதுபோல் விட்டு, வருகிற லாபத்தை ஸ்டுடியோ எடுத்துக்கொள்ளும்.

கதை பிடிக்கவில்லை, நடிக்க மாட்டேன் என்றால் சஸ்பென்ஷன். சம்பளம் நின்றுபோகும். வேறு எங்கும் வேலை செய்யவும் கூடாது. அதோடு விட்டால் பரவாயில்லை. அந்த வேடத்தை வேறொருவர் நடித்து முடிக்க எத்தனை வாரம் ஆகிறதோ அத்தனை வாரமும் அக்ரிமென்டின் வாலில் ஒட்டிக்கொள்ளும். மறுக்க மறுக்க வால் நீளும். ஏழு வருடம் என்று எழுதியிருந்தாலும் முடிகிற நாளை யாராலும் சொல்ல முடியாது.

மெலனியாக நடித்துவிட்டு வார்னருக்குத் திரும்பியவருக்கு அடுத்ததாகக் கிடைத்தது பெட்டி டேவிஸ் ராணியாக நடித்த படத்தில் அரண்மனைத் தோழி வேடம். பாரமவுன்ட்டுக்குக் கடன் போய் நடித்த 'ஹோல்ட் பேக் தி டான்' (1941) படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது. அதாவது நல்ல வேடமெல்லாம் வெளியே, கவுன் போட்டு நிற்பதெல்லாம் வீட்டில். கதைகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார், சஸ்பென்ஷனும் சேர்ந்தது. 1943-ல் ஏழு வருடம் முடிந்தது என்று மூச்சு விட்டபோது, இன்னும் ஆறு மாதம் பாக்கி என்றது ஸ்டுடியோ.

இந்த இடத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1936-ல் பெட்டி டேவிஸ் இதே வார்னரிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்குப் போய் நடிக்கப் பார்த்தார். லண்டன் கோர்ட்டில் தோற்று, செலவும் தலையில் விழுந்து, திரும்பி வந்து வேலையில் சேர்ந்தார். அதைப் பார்த்த யாருக்கும் மறுபடி முயலும் துணிச்சல் வராது. ஒலிவியாவோ மார்ட்டின் கேங் என்ற வக்கீலிடம் போனார். கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே ஒரு பழைய சட்டம் இருக்கிறது என்று அவர் காட்டினார்: தனிநபர் உழைப்புக்கான எந்த ஒப்பந்தத்தையும் ஏழு வருடத்துக்கு மேல் ஒருவர் மீது திணிக்க முடியாது.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஏழு வருடம் என்றால் எது? காலண்டர் கணக்கில் ஏழு வருடமா, வேலை செய்த நாட்களை மட்டும் கூட்டினால் வரும் ஏழு வருடமா? வேலை செய்த நாள்தான் என்றது ஸ்டுடியோ. காலண்டர்தான் என்றார் ஒலிவியா. 1943 ஆகஸ்டில் வழக்குப் பதிவானது.

சாட்சிக் கூண்டில் ஸ்டுடியோ வக்கீல் குரலை உயர்த்தி, இன்ன தேதியில் இன்ன வேடத்தை ஏற்க மறுத்தீர்களா இல்லையா என்று அதட்டியிருக்கிறார். கெட்டுப்போன சினிமாக்காரி என்று நீதிபதி நினைக்க வேண்டும், அதுதான் திட்டம். ஒலிவியா கோபப்படவில்லை. மறுக்கவில்லை ஐயா, வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டேன் என்ற தொனியில் பதில் சொன்னார். எட்டுப் படங்களில் சீமாட்டியாக நின்ற அனுபவம் அன்றைக்கு உதவியிருக்கும்.

கீழ்க்கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஸ்டுடியோ அப்பீல் போனது. 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏழு வருடம் என்றால் காலண்டர் வருடம்தான் என்றது. தொழிலாளியைக் காப்பதற்காகப் போட்ட சட்டம் இது, தொழிலாளியே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது என்பது அதன் சாரம். மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. அதோடு கதை முடிந்தது.

கேஸ் நடந்த காலத்தில் என்ன செய்தார்?

நடிக்க முடியவில்லை. இவரை வேலைக்கு வைக்காதீர்கள் என்று ஜாக் வார்னர் மற்ற ஸ்டுடியோக்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பியிருந்தார். வயது 27, 28. ஒரு நடிகைக்கு அந்த வயதில் இரண்டு வருடம் என்பது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. தோற்றிருந்தால் மறுபடி அதே வாசலில்தான் போய் நின்றிருக்க வேண்டும்.

அது போர்க்காலம். ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்க் காயம்பட்டவர்களோடு நேரம் செலவிட்டார். அலாஸ்கா, அலூஷியன் தீவுகள், பிறகு தென் பசிபிக் என்று சுற்றினார். பாட்டும் நடனமும் தெரியாதவர், அதனால் மேடையேறாமல் கட்டில் கட்டிலாகப் போய் உட்கார்ந்து பேசினார். ஃபிஜியில் நிமோனியா வந்து அவரே நோயாளியாகப் படுத்துக்கொண்டார். அதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த 'டிவோஷன்' படத்தை வார்னர் 1946 வரை அலமாரியில் வைத்திருந்து அப்புறம் வெளியிட்டது.

அந்தத் தீர்ப்பு இன்றும் செல்லுமா?

செல்லும். சட்டப்படி அது தொழிலாளர் சட்டத்தின் 2855-ஆம் பிரிவு. ஆனால் ஹாலிவுட்டில் எல்லோரும் டி ஹாவிலண்ட் சட்டம் என்றுதான் சொல்கிறார்கள். உடனடியாகப் பலன் கண்டவர்கள் போருக்குப் போயிருந்த நடிகர்கள். பட்டாளத்தில் இருந்த வருடங்களையும் அக்ரிமென்டில் கூட்டிக்கொள்ள ஸ்டுடியோக்களுக்கு இனி வழியில்லை.

பெட்டி டேவிஸ் இந்த விஷயத்தில் ஒலிவியாவுக்கு நன்றிக்கடன் பட்டவராகவே கடைசி வரை பேசினார். ரொம்பப் பின்னால், 2008-ல் நடிகரும் பாடகருமான ஜாரெட் லெட்டோவின் இசைக்குழு மீது அதன் ரெக்கார்டிங் கம்பெனி 3 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டபோது, அந்தக் குழுவும் இந்தச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. லெட்டோ பாரிஸுக்குப் போய் ஒலிவியாவைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

ஜெயித்து வந்தபின் என்ன படங்கள்?

இப்போது கதையை அவரே தேர்ந்தெடுத்தார். பாரமவுன்ட்டில் 'டு ஈச் ஹிஸ் ஓன்': கல்யாணமாகாமல் பெற்ற பிள்ளையை வேறொரு வீட்டில் வளரவிட்டுத் தூர நின்று பார்க்கும் தாய். இளம்பெண்ணாகத் தொடங்கி நரை தட்டிய, வெடுக்கென்று பேசுகிற முதலாளியம்மாவாக முடிப்பார். முதல் ஆஸ்கர் அதற்கு. கதை கொஞ்சம் கண்ணீர்ச் சரக்குதான், ஆனால் நடிப்பில் கண்ணீர் மிகக் குறைவு. அதே வருடம் 'தி டார்க் மிரர்', இரட்டை வேடம். ஒருத்தி கொலைகாரி, எவள் என்று தெரியாது.

'தி ஸ்நேக் பிட்' ஏன் பெரிதாகப் பேசப்படுகிறது?

1948-ல் மனநல மருத்துவமனையின் உள்பக்கத்தை நேராகக் காட்டிய படம். இயக்கம் அனடோல் லிட்வாக். ஒலிவியா நிஜ மருத்துவமனைகளுக்குப் போய் நோயாளிகளையும் சிகிச்சைகளையும் பக்கத்தில் இருந்து பார்த்தார். எடையைக் குறைத்துக்கொண்டு, மேக்கப்பும் தலைவாரலும் இல்லாமல் நடித்தார். அவரே சொன்ன ஒரு விஷயம்: அங்கே பார்த்த ஒரு பெண், எந்த நோயாளியும் இப்படி இருப்பாள் என்று நாம் எதிர்பார்க்க மாட்டோம், அவ்வளவு பிரியமாகப் பழகினாள். பாத்திரத்தின் சாவி அவளிடம்தான் கிடைத்ததாம். வெனிஸ் விழாவில் விருது கிடைத்தது, நியூயார்க் விமர்சகர்களும் கொடுத்தார்கள். ஆஸ்கர் மட்டும் ஜேன் வைமனுக்குப் போனது.

இவர் நடிப்பில் உச்சம் எது?

சண்டைக்கு வந்தாலும் சரி, 'தி ஏரஸ்'. நியூயார்க்கில் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, இதைப் படமாக்குங்கள், நான் நடிக்கிறேன் என்று இயக்குநர் வில்லியம் வைலரிடம் போனவரே ஒலிவியாதான்.

கேத்தரின் பணக்கார டாக்டரின் ஒரே மகள். அழகில்லை, சாமர்த்தியமில்லை என்று அப்பாவே நினைக்கிறார், நினைப்பதைச் சொல்லவும் செய்கிறார். மாரிஸ் என்ற அழகான இளைஞன் வருகிறான். அவன் வருவது சொத்துக்காக என்பது அப்பாவின் கணிப்பு. ஓர் இரவு ஓடிப்போகத் திட்டம். கேத்தரின் பெட்டியோடு வாசல் அறையில் காத்திருக்கிறாள். தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்திருக்கிறாள். வண்டிகள் நிற்காமல் போகின்றன. விடிகிறது.

அதற்கப்புறம் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும். அவ்வளவுதான் காட்சி. வைலர் திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னார். எது சரியில்லை என்றும் சொல்லவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஒலிவியா பெட்டியைத் தூக்கி எறிந்தாராம். அப்போதுதான் வைலருக்கு உறைத்தது, பெட்டி காலி. கனமாக எதையாவது போட்டு நிரப்பச் சொன்னார். அடுத்த டேக்கில் படியேறுவது வேறு ஒரு பெண். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் உடம்பை இழுத்து ஏற்றுகிறாள்.

வருடங்கள் கழித்து மாரிஸ் திரும்பி வருகிறான். இப்போது கேத்தரினின் குரலே மாறியிருக்கிறது. ஆரம்பத்தில் மேல்ஸ்தாயியில் தடுமாறிய குரல் இறங்கி, சமமாக, ஈரமில்லாமல் வருகிறது. அவன் நம்பும்படி பேசி அனுப்பிவிட்டு, பூத்தையலின் கடைசி நூலை வெட்டுகிறாள். அவன் வந்து கதவைத் தட்டும்போது தாழ்ப்பாள் போடச் சொல்லிவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு அதே படிகளில் ஏறுகிறாள். கையில் பெட்டி இல்லை. முகத்தில் இருப்பது வெற்றியா துக்கமா என்று நான் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக முடிவு செய்திருக்கிறேன்.

தங்கையோடு என்னதான் சண்டை?

தங்கை ஜோன் ஃபான்டெய்னும் பெரிய நடிகை. வளர்ப்புத் தந்தையின் பெயரைத் திரைப்பெயராக வைத்துக்கொண்டவர். 1942 ஆஸ்கர் விழாவில் இருவரும் ஒரே பிரிவில் போட்டி, ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹிட்ச்காக்கின் 'சஸ்பிஷன்' படத்துக்காகத் தங்கை ஜெயித்தார். ஐந்து வருடம் கழித்து அக்கா ஜெயித்த அன்று வாழ்த்துச் சொல்லத் தங்கை கிட்டே வந்தபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த நொடி புகைப்படமாகவே இருக்கிறது. அதற்குச் சில மாதம் முன்னால் ஒலிவியா கல்யாணம் செய்துகொண்ட எழுத்தாளர் மார்கஸ் குட்ரிச்சைப் பற்றி, நாலு மனைவி ஒரே புத்தகம், மாறி இருந்திருக்கலாம் என்று தங்கை நக்கலடித்திருந்தார். நக்கல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அக்காள் புருஷனைப் பற்றிப் பத்திரிகையில் சொல்கிற பேச்சா?

நடுவில் ராசியானார்கள். 1975-ல் அம்மா இறந்தபோது வந்த மனக்கசப்பில் மறுபடி பேச்சு நின்றது, 2013-ல் தங்கை இறக்கும் வரை. முன்னணி நடிப்புக்கான ஆஸ்கரை வாங்கிய ஒரே உடன்பிறப்புகள் இவர்கள்தான். குழந்தைப் பருவத்துச் சண்டைகளைப் பற்றி இருவரும் சொன்ன கதைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதற்குள் நான் போகவில்லை.

பாரிஸுக்கு ஏன் போனார்?

முதல் கல்யாணம் 1953-ல் முறிந்தது. பிரெஞ்சுப் பத்திரிகையாளர் பியேர் கலான்ட்டை 1955-ல் மணந்து அங்கேயே தங்கிவிட்டார். அந்தக் கல்யாணமும் பிறகு முடிந்தது. ஆனாலும் நோயில் விழுந்த கலான்ட்டைக் கடைசியில் பார்த்துக்கொண்டவர் இவரே. முதல் கணவர் மூலம் பிறந்த மகன் 1991-ல் அம்மாவுக்கு முன்பே இறந்துபோனார். பிரெஞ்சுக்காரர்களோடு குப்பை கொட்டிய அனுபவத்தை வைத்து நகைச்சுவையாக ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார். 1965-ல் கான் திரைப்பட விழா நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்.

101 வயதை எட்டப்போகும்போது கேஸ் போட்டது உண்மையா?

உண்மை. பெட்டி டேவிஸ், ஜோன் கிராஃபர்ட் என்ற இரண்டு நடிகைகளின் பகையைப் பற்றிய 'ஃபியூட்' தொலைக்காட்சித் தொடர் 2017-ல் வந்தது. அதில் கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ் ஒலிவியாவாக நடித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் தங்கையை நான் கெட்ட வார்த்தையால் சொன்னதாகவும் காட்டியிருக்கிறார்கள் என்று, 101-ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள் வழக்குப் போட்டார். தங்கையோடு பேசாமல் இருந்தவர்தான். ஆனால் திட்டியதாகப் பிறர் சொல்ல விடமாட்டார்.

கீழ்க்கோர்ட் வழக்கை அனுமதித்தது, 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, அமெரிக்க உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளவில்லை. சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன். நிஜ மனிதர்களை வைத்துக் கதை சொல்ல ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்க வேண்டுமென்றால் சரித்திரப் படமே எடுக்க முடியாது. அதே 2017-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு 'டேம்' பட்டம் (ஆண்களுக்கு 'சர்' போல) கொடுத்தது.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

வீட்டில் குழந்தைகள் இருந்தால் 'ராபின் ஹூட்'. 'கான் வித் தி விண்ட்' கிட்டத்தட்ட நாலு மணி நேரம், அதோடு அடிமை முறையை அழகு காட்டுகிற படம், அந்த உறுத்தலோடுதான் பார்க்க வேண்டியிருக்கும். தனியாக ஒரு ராத்திரி கிடைத்தால் 'தி ஏரஸ்'. ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் கதவு தட்டும் சத்தம் எப்படி ஏறிக்கொண்டே போகிறது என்பது அப்போதுதான் கேட்கும்.